ஏசியைக் கழற்றினால் போர்ஷே பறக்குமா?

“போர்ஷே பந்தய ரக கார்களில் ஏசி, ரேடியோ எதுவும் கிடையாது. அதைக் கழற்றி எடையைக் குறைப்பதால்தான் அந்த வேகம்” என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. ஒரு காலத்தில் இதில் பாதி உண்மை இருந்தது. இன்று அதுவும் இல்லை.

1973இன் 911 கரேரா ஆர்எஸ் 2.7ஐ எடுத்துக்கொள்வோம். வசதிகள் கொண்ட டூரிங் வகை 1,075 கிலோ. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு நாடா, மெல்லிய கண்ணாடி, பின்சீட்டே இல்லாத ஸ்போர்ட் வகை 960 கிலோ. குதிரைத்திறன் இரண்டுக்கும் ஒரே 210தான். 115 கிலோ என்றால் சும்மா இல்லை, பத்தில் ஒரு பங்குக்கும் மேல்!

சரி, அதே வித்தையை 2017இல் அறிவித்த 911 கரேரா டி-யில் பாருங்கள். பின்சீட்டு, முன்பக்கத் தொடுதிரை இரண்டையும் எடுத்து, ஒலித்தடுப்பைக் குறைத்து, அந்த நாடாவையும் மாட்டினார்கள். மிச்சமானது போர்ஷே கணக்கிலேயே 20 கிலோ. மொத்த எடை 1,425. ஒரு அரிசி மூட்டைகூட இல்லை. விலையோ சாதாரண கரேராவைவிட அதிகம். எடுத்த சீட்டும் திரையும் வேண்டும் என்றால் கூடுதல் கட்டணமின்றித் திரும்பக் கிடைத்தன.

911இன் பந்தய ரகமான இப்போதைய ஜிடி3 ஆர்எஸ்ஸில் ஏசி இருக்கிறது. அதன் வித்தை எடை குறைந்த கார்பன் பாகங்களிலும் பின்புற இறக்கையிலும் உள்ளது: சக்கரங்கள் சாலையை விடாமல் பிடிக்க, மணிக்கு 285 கிலோமீட்டரில் காற்றே 860 கிலோ அளவுக்குக் காரைக் கீழே அழுத்துகிறது. கரேரா டி ஓட்ட இனிமையான கார்தான். அந்த நாடா மட்டும் வெறும் அலங்காரம்.