பழைய ஆட்டம், புது விலை

ஸ்டெர்ன் நிறுவனம் பீட்டில்ஸ் பாட்டுக்குழுவின் பெயரில் செய்த பின்பால் மெஷினை ஒருவழியாக ஆடிப் பார்த்துவிட்டேன். பின்பால் என்றால், கண்ணாடிக்கு அடியில் சாய்வான பலகையில் உருளும் இரும்புப் பந்தைக் கீழே விழாமல் தட்டித் தட்டி ஆடும் ஆர்கேட் ஆட்டம். 2018 கடைசியில் அது வந்தபோது பின்பால் பைத்தியங்கள் நடுவே கைகலப்பு வராத குறைதான். "எட்டாயிரம் டாலரா, இதுக்கா?" என்று ஒரு கூட்டம். "பீட்டில்ஸ்னா சும்மாவா?" என்று இன்னொரு கூட்டம். நான் எந்தக் கட்சி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்துக்கு முழு மார்க். விலைக்கு ஃபெயில்.

இது புதிதாக யோசித்த ஆட்டம் இல்லை. 1980ல் வந்த சீவிட்ச் என்ற மெஷினின் அமைப்பை எடுத்து, மேலே பீட்டில்ஸ் படங்களும் பாட்டுகளும் சேர்த்தது. சீவிட்சைச் செய்தது ஸ்டெர்ன் எலக்ட்ரானிக்ஸ். சாம் ஸ்டெர்ன் 1977ல் தொடங்கி, எண்பதுகளின் நடுவில் மூடப்பட்ட கம்பெனி. இப்போதைய ஸ்டெர்ன் பின்பாலை 1999ல் ஆரம்பித்தவர் அவருடைய மகன் கேரி ஸ்டெர்ன். அப்பா கம்பெனி சரக்கை மகன் கம்பெனி தூசி தட்டி விற்றது, அவ்வளவுதான். அதில் தப்பில்லை, சரக்கு நல்ல சரக்கு.

எப்படி நல்லது என்கிறேன் என்றால், இதில் ராம்ப், அதாவது பந்து ஏறிப் போகும் சரிவுப் பாதை, கிடையாது. இப்போதைய மெஷின்களில் பந்தை ராம்பில் ஏற்றிவிட்டால் அது சுற்றி வளைத்து நிதானமாக ஃபிளிப்பருக்கு, அதாவது பந்தைத் தட்டிவிடும் துடுப்புக்கு, வந்து சேரும். அதற்குள் மூச்சு விட்டுக்கொள்ளலாம். இங்கே அந்தச் சலுகை இல்லை. அடித்த பந்து அடித்த வேகத்திலேயே திரும்பி வரும். பந்து பட்டால் கீழே இறங்கும் டிராப் டார்கெட் ஒவ்வொன்றாக 'டப்' என்று உள்ளே விழும்போது விரல் நுனி வரை தெரிகிறது. கடைசி டார்கெட்டைக் குறிவைத்து அடித்து, அது நூலிழையில் தப்பினால், பந்து ஓரத்தில் பட்டு நேராக அவுட்லேனில், அதாவது பந்து கைவிட்டுப் போகும் ஓரப் பாதையில், இறங்கிவிடும். மெஷினை இடுப்பால் லேசாகத் தள்ளிக் காப்பாற்றலாம். கொஞ்சம் கூடுதலாகத் தள்ளினால் மெஷின் 'டில்ட்' என்று ஃபிளிப்பரை நிறுத்திவிடும், அந்தப் பந்து அம்போ. ரெகார்ட் மாதிரி சுழலும் ஒரு வட்டு, அதன் அடியில் காந்தம். பந்து அதில் மாட்டினால் எந்தப் பக்கம் துப்பும் என்று சொல்ல முடியாது. ஒரு பந்து அரை நிமிஷம்கூடத் தாங்காமல் கீழே போய்விடும். அப்புறம் கை தானாக ஸ்டார்ட் பட்டனுக்குப் போகும். ராம்ப், பொம்மை, பெரிய திரை என்று எதைக் கொட்டினாலும் இந்த "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" வராத மெஷின்கள் எத்தனையோ உண்டு.

சரி, விலைக்கு வருவோம். பீட்டில்ஸ் அமெரிக்காவில் கால் வைத்த வருஷம் 1964 என்பதால் மொத்தமே 1964 மெஷின்கள். அதில் மூன்று ரகம்: கோல்ட் 1614, பிளாட்டினம் 250, டைமண்ட் 100. கோல்டின் விலை 8000 டாலரை ஒட்டி; டைமண்ட் 25,000 டாலரை ஒட்டி. எத்தனை வருஷம் அமெரிக்காவில் இருந்தாலும் ரூபாயில் மாற்றிப் பார்க்கும் புத்தி போகாது, அன்றைய மதிப்பில் கோல்டே ஐந்தரை லட்சத்துக்கு மேல். டைமண்ட் பதினேழு, பதினெட்டு லட்சம்! ஆனால் ஆட்டம் மூன்றிலும் ஒன்றுதான். மாறுவது அலங்காரமும், தகட்டில் போட்ட வரிசை நம்பரும்.

அதே வருஷம் ஸ்டெர்னே விட்ட டெட்பூல் ப்ரோ என்ற மெஷின் ஏறத்தாழ 6000 டாலர். அதில் ராம்ப் உண்டு, பொம்மை உண்டு. பொருள் குறைவாக உள்ள மெஷின் இரண்டாயிரம் டாலர் அதிகம் என்றால் அந்த இரண்டாயிரம் எதற்கு? பீட்டில்ஸ் பெயருக்கு உரிமத் தொகை லேசில் அடங்காது என்பது புரிகிறது. 1964 மெஷினோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் செலவு ஒவ்வொன்றின் தலையிலும் கூடுதலாகவே விழும் என்பதும் புரிகிறது. ஆனால் எண்ணிக்கையைக் குறைத்தது யார்? வாங்குகிறவர் கேட்டாரா?

என் ஆதங்கம் பீட்டில்ஸ் மேலே இல்லை. ராம்ப் இல்லாத, பாகங்கள் குறைந்த, பழுது பார்க்கச் சுலபமான இந்த மாதிரி மெஷின்தான் முதல்முறை வாங்குகிறவர் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். உரிமம் எதுவும் வேண்டாம், சீவிட்ச் என்ற பெயரிலேயே, அதே கடல் சூனியக்காரி படத்தோடு, நாலாயிரத்துச் சொச்சத்துக்கு விட்டிருந்தால் நான் முதல் ஆளாக நின்றிருப்பேன். அதைச் செய்யாமல், எளிமையான ஆட்டத்தை எடுத்துச் சேகரிப்பாளர்களின் அலமாரிப் பொருளாக்கிவிட்டார்கள். நம்பர் போட்ட தகட்டுக்காக வாங்கியவர்களில் எத்தனை பேர் தேய்ந்துவிடும் என்று பயந்து ஆடாமலே வைத்திருக்கிறார்களோ.

ஆர்கேடில் ஒரு ஆட்டம் ஒரு டாலர். கோல்ட் விலைக்கு எட்டாயிரம் ஆட்டம் ஆடலாம், ரிப்பேர் செலவு அவர்கள் பாடு. இப்போதைக்கு என் கணக்கு அதுதான்.

இந்தப் பக்கம் யாரிடமாவது ஒரிஜினல் 1980 சீவிட்ச் விற்பனைக்கு இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ரப்பர் போயிருந்தாலும், பல்பு எரியாவிட்டாலும் பரவாயில்லை, மாற்றிக்கொள்வேன். பேட்டரி ஒழுகி போர்டு அரித்துப்போனது மட்டும் வேண்டாம்.