மீன் சாகவில்லை, வளரவும் இல்லை

போன தை மாதம் எங்கள் ஏரியில் வலை இழுத்தார்கள். ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டினாற்போல் இருக்கிற ஏரி. குத்தகை எடுத்த அண்ணன் ஒரு கட்லாவைத் தூக்கிக் காட்டினார். தலை மட்டும் பெரிதாக, உடம்பு ஒட்டிப்போய்க் கிடந்தது. "சாவல சார். ஆனா எடையே ஏறல. குஞ்சு உட்டு வருஷம் ஆவப் போவுது" என்றார். தராசில் போட்டோம். 230 கிராம்.

அதற்கு முந்தின ஐப்பசியில் மழைத்தண்ணீர் நிறம் மாறி வந்தது. புகார் கொடுத்தோம். ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகத் தாள் வந்தது. அது பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாள் ஒரு நாள் பிடித்த ஒரு கேனைப் பற்றியது. ஒவ்வொரு ரசாயனத்தையும் தனித்தனியாக அளந்து, தனித்தனி வரம்போடு ஒப்பிட்டது. ஏரிக்குள் இருக்கிற மீனுக்கு அப்படித் தனித்தனியாக எதுவும் வருவதில்லை. தோல் பதனிடும் ஆலைக் கழிவின் உப்பு, வயலில் அடித்த மருந்து, ஊர்ச் சாக்கடை எல்லாம் ஒன்றாகத்தான் வருகின்றன. அப்படி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும் கணினி மாடல்கள் நமக்கு வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

வரம்புகள் எப்படி வந்தன என்று பாருங்கள். ஆய்வகத் தொட்டியில் மீனை 96 மணி நேரம் விட்டு, எந்த அளவில் பாதி மீன் சாகிறது என்று பார்ப்பார்கள். டாப்னியா என்கிற பொடிப் பூச்சிக்கு 48 மணி நேரம். நீர்வாழ் உயிர்களுக்கு வரம்பு குறிக்க இந்த மாதிரிச் சோதனைகளும் ஓர் அடிப்படை. தேவையானவைதான். ஆனால் கட்லா தின்பதே தண்ணீரில் மிதக்கும் அந்தப் பொடிப் பூச்சிகளைத்தான். பூச்சி போய்விட்டால் மீனுக்கு விஷமே ஏற வேண்டாம், பட்டினி போதும். மீனைத் தனியாக வைத்த தொட்டியில் இது தெரியவே தெரியாது.

கனடாவில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஏரிகள் உண்டு. அதில் ஒன்றில் 2001 முதல் மூன்று கோடைகளில், கருத்தடை மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனின் செயற்கை வடிவத்தைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம்தான். ஒரு மீனும் உடனே செத்து மிதக்கவில்லை. அங்கிருந்த ஒரு சின்ன மீன் இனத்தில், ஆண் மீன்களின் விந்துப்பையில் முட்டை உருவாக ஆரம்பித்தது. சில ஆண்டுகளில் அந்தச் சின்ன மீன் இனம் அங்கே அற்றுப்போகிற நிலைக்கு வந்தது. அதைத் தின்று வாழ்ந்த பெரிய ட்ரவுட் மீனும் இரையில்லாமல் குறைந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஏரிக் கட்லாதான் கண்ணில் நின்றது.

எல்லா ஏரியிலும் விஷத்தைக் கலந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. அதனால்தான் கணினி மாடல்களை ஒன்றோடொன்று கோக்கிறார்கள். கான்கிரீட் போடும்போது சட்டியைக் கைமாற்றி ஏற்றுவார்களே, அந்த மாதிரி. மழையில் ரசாயனம் எங்கே போகும், எவ்வளவு சேற்றில் படியும் என்று முதல் மாடல் கணக்குப் போடும். அந்த எண்ணை வாங்கி, உடம்புக்குள் எவ்வளவு ஏறும் என்று அடுத்தது சொல்லும். அப்புறம் ஒரு உயிருக்கு என்ன ஆகும், அந்தக் கூட்டம் பெருகுமா குறையுமா, அதைத் தின்கிறவை என்ன ஆகும் என்று போய்க்கொண்டே இருக்கும். இதில் முதல் கை புதிதே அல்ல. சாக்கடை கலந்த ஆற்றில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்கும் என்று ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-லேயே ஒஹையோ ஆற்றுக்குக் கணக்குப் போட்டார்கள். கடைசிக் கையான உணவுச் சங்கிலி வரை போகிற அக்வாடாக்ஸ் என்ற மாடலை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகவே கொடுக்கிறது.

ஏன் கோக்க வேண்டும், தனித்தனியாக ஓட்டினால் ஆகாதா? குரோமியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பதனிடும் டேனரியில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியமாக, குரோமேட்டாக மாறும். அது தண்ணீரில் நன்றாகக் கரையும், விஷமும் அதிகம். அதே குரோமேட், பாசிக்குள் சல்பேட் போகும் வழியாகத்தான் நுழைகிறது. தண்ணீரில் சல்பேட் கூடினால் குரோமேட் உள்ளே போவது குறையும். ஆக சல்பேட் உப்பு எவ்வளவு என்ற எண் கையில் இல்லாமல் குரோமியத்தின் கணக்கை முடிக்கவே முடியாது.

சட்டி கைமாறும்போது கலவை சிந்தும் என்பதும் உண்மை. ஒரு மாடலின் பிழை அடுத்ததில் ஏறி, கடைசியில் பெருகி நிற்கும். அதனால் வருகிற விடையோடு, அது எவ்வளவு தூரம் தப்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒற்றை எண்ணை நீட்டி "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை, வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறுகளுக்குச் செய்த மாடலை அப்படியே இறக்கிப் பாலாற்றில் வைத்துவிடுவார்களோ என்பது. நம் ஆற்றில் பெரும்பாலான மாதங்கள் மணல்தான். ஓட்டம் மணலுக்கு அடியில். 2021 நவம்பர் போல எப்போதாவது இரு கரையும் தொட்டு வெள்ளம் வரும். ஏரியிலோ கோடையில் தண்ணீர் பாதியாக வற்றினால், யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலே உப்பு இரட்டிப்பாகிவிடும். கார்த்திகையில் வரம்புக்குள் இருந்தது சித்திரையில் வரம்பைத் தாண்டும். கோடையில் சாம்பிள் எடுத்தார்களா என்று நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

"மாடல் வரட்டும், அப்புறம் நடவடிக்கை எடுப்போம்" என்று இதையே தள்ளிப்போடும் சாக்காக ஆக்கவும் கூடாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதே இதுதான்: மீட்க முடியாத கேடு வரும் என்றால், அறிவியல் முழுசாக உறுதியாகவில்லை என்று காரணம் காட்டித் தடுப்பு வேலையைத் தள்ளிவைக்கக் கூடாது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் இழப்பீட்டையும் சீரமைப்பையும் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 28 வருஷம்.

உப்பு ஏறிய கிணற்றை மூட மாடல் தேவையில்லை. எந்த ஏரியை முதலில் சீர் செய்வது, எந்த இரண்டு ரசாயனம் சேர்ந்தால் ஆபத்து, எந்த மாதம் தண்ணீர் சோதிக்க வேண்டும், இதற்கெல்லாம் தேவை. அதற்கு முதல் சரக்கு எண்கள். டேனரிக் கழிவுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அளக்கிற எண்களும் ஏரி, கிணற்று அளவுகளும் தேதியோடு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியே வரவேண்டும். நம் கட்லா, விரால், கெளுத்தி, நம் பொடிப் பூச்சிகளை வைத்து நம் கல்லூரிகளில் சோதனை நடக்க வேண்டும். வெளிநாட்டு மீனின் எண்ணை வைத்து நம் ஏரிக்கு எத்தனை நாள் கணக்குப் போடுவது?

எங்களால் முடிந்ததைத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு திங்கள்கிழமையும் என் பிள்ளைகள் இருவர் மதகருகே, கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் வைத்து, தேதி, எண், நீர்மட்டம், தண்ணீரின் நிறம் நான்கையும் ஒரு நீளநோட்டில் எழுதுகிறார்கள். மழை பெய்திருந்தால் ஓரத்தில் ஒரு குடை வரைகிறாள் சின்னவள். 31 வாரம் ஆகிறது. பாலாற்றுக்கு மாடல் செய்கிற யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், நோட்டைப் படம் எடுத்து இன்றைக்கே அனுப்புகிறேன்.