விலையை முதலில் சொல்லுங்கள்

நெஞ்சுவலியோடு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்ட நம் குமரி மாவட்டத்து ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தைக் கடனில் தள்ளிய பில், இணையத்தில் பகிரப்பட்டதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பில்லைவிட, அதன் கீழே "வசதி இல்லாதவர்கள் ஆசாரிபள்ளத்துக்குப் போக வேண்டியதுதானே" என்று அங்குள்ள அரசு மருத்துவமனையைக் காட்டி எழுதியவர்கள்தாம் என்னை அதிகம் புண்படுத்தினார்கள். அவர்களில் என் உறவினர்களும் இருப்பதால் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ரப்பர் தோட்டத்தில் சரியும்போது, கூட ஓடுகிறவர்கள் எது பக்கமோ அங்கேதான் கொண்டுபோவார்கள், நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்தும் போடுவார்கள். வடசேரிச் சந்தையில் வாழைக்குலை விற்பவர்கூட விலையைச் சொல்லிவிட்டுத்தான் குலையைத் தூக்கித் தருகிறார். பேரம் பேசவே முடியாத நிலையில் இருப்பவரிடம் விலையை மறைத்துவிட்டு, வீட்டுக்கு அனுப்பும் நாளில் மட்டும் சொல்வது எந்தத் தர்மம்?

என் அம்மா நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது, காலையும் மாலையும் ஒரு சீட்டைத் தருவார்கள். அவர்களுடைய மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும். அந்தச் சீட்டில் தினமும் ஒரு கையுறைப் பெட்டி இருக்கும். நேற்று வாங்கிய பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்ட என் தம்பியிடம், "அம்மா உயிர் முக்கியமா, கையுறைக் கணக்கு முக்கியமா?" என்றார் கடையில் இருந்தவர். அதன் பிறகு நாங்கள் எதையும் கேட்கவில்லை. தங்கையின் வளையல்கள் பணயத்துக்குப் போயின. அம்மா பிழைத்தார், அந்த மருத்துவரின் கைத்திறனுக்கு இன்றும் நன்றியுடையவனாக இருக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி இன்றுவரை ஆறவில்லை. மருந்தை விரும்பிய கடையில் வாங்கும் உரிமையும், கட்டணத்தை முன்கூட்டியே அறியும் உரிமையும் தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் இருக்கின்றன என்பதே அன்று எங்களுக்குத் தெரியாது.

தனியார் மருத்துவமனைக்குப் பரிந்து பேசும் நீங்கள், இயந்திரங்களின் விலை, கடன் வட்டி, ஊழியர் சம்பளம் என்று அடுக்குவீர்கள். செலவு உண்டு, லாபமும் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-இல் டெல்லி வட்டாரத்தின் 4 தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் 1,737 சதவீதம் வரை லாபம் வைக்கப்பட்டிருந்ததே, அது எந்தச் செலவை ஈடுகட்ட? அதே ஆணையம் 2017-இல் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு, அதாவது அடைபட்ட இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்க்கு, 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது; அதற்கு முன்பு ஒரு லட்சத்துக்கு மேலும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வரம்பு வந்த பிறகும் இதய சிகிச்சை நின்றுவிடவில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று: அது பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கும் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும்தான்.

ஆசாரிபள்ளத்தின் மீது எனக்கு மதிப்பு குறையவில்லை. அரசு மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகத் தனியார் எதையும் எழுதலாம் என்று நீங்கள் வாதாடுவதுதான் வலிக்கிறது. நெய்யூரில் 1838-லேயே மிஷன் மருத்துவம் தொடங்கிய மாவட்டம் இது. 1922-இல் எவரெஸ்ட் பயணத்துக்காக இந்தியா வந்த சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளைக் கண்டு லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே பணியாற்றினார். அத்தகைய மண்ணில் பிறந்த நாம், கடனில் மூழ்கிய குடும்பத்தையே குற்றவாளியாக்குகிறோம்.

அந்தத் தொழிலாளியின் மனைவி, "இதர நுகர்பொருட்கள்" என்று, கையுறை, ஊசி போன்றவற்றை எல்லாம் சேர்த்து, பில்லில் ஒரே வரியில் போட்டிருக்கும் தொகைக்கு விவரம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். முதலில் அந்த விவரத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தொழிலாளி எங்கே போயிருக்க வேண்டும் என்பதை அதன் பிறகு பேசலாம்.