காரமே இல்லையா? செங்டுவில் சாப்பிட்டுப் பாருங்கள்

'சீனாவில் சாப்பாட்டில் காரமே கிடையாது, ஊறுகாய் பாட்டில் எடுத்துப் போங்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெற்கே குவாங்சோ நகரப் பக்கம் என்றால் சரி, ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். தென்மேற்கே சிச்சுவான் மாகாணத்தில் இந்தப் பேச்சு எடுபடாது. அதன் தலைநகர் செங்டுவில் மாபோ டோஃபு (சோயா பாலைத் திரித்துச் செய்த டோஃபுத் துண்டுகள் போட்ட காரக் குழம்பு) கேட்டுப் பாருங்கள்: சிவப்பு எண்ணெய் மிதக்க, கொதிக்கக் கொதிக்க வரும். மிளகாயும் ஒருவகை மொச்சையும் சேர்த்துப் புளிக்கவைத்த விழுதுதான் அதன் உயிர். மேலே தூவுவது சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, செடி எலுமிச்சைக் குடும்பம். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் உதடு மரத்து, நாக்கு விறுவிறுக்கும் (எனக்குத் தண்ணீர்கூட வேறு ருசியில் தெரிந்தது). அப்புறம், டோஃபு என்றதும் சைவம் என்று நினைத்துவிடாதீர்கள். வழக்கமாக மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ கொத்திப் போட்டிருப்பார்கள். சைவக்காரர்கள் ஆர்டர் சொல்லும்போதே கறி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.