அப்பாவுக்குக் காது கேட்கிறது, கத்தாதீர்கள்

"எதுக்கு இப்படிக் கத்தறே? எனக்கு என்ன காது கேக்காதா?"

ஒரு நிமிஷம் முன்னால்தான் "என்ன சொன்னே, சத்தமா சொல்லு" என்று கேட்டிருப்பார் அப்பா. சத்தமாகச் சொன்னால் இந்தத் திட்டு. 76 வயதின் வீம்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காது கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் விளக்கிய பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்ன இரண்டுமே நிஜம்.

வயதாகிக் காது மந்தமாகும்போது முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். பேச்சில் ஸ, ச, த, க எல்லாம் அந்தப் பக்கம். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை நன்றாகவே விழும். அதனால்தான் "பேசறது கேக்குது, என்ன பேசறேன்னு புரியலை" என்கிறார்கள். நாம் கத்தினால் ஏற்கெனவே கேட்கிற ஆ, ஓதான் இன்னும் பெருக்கும். இந்த மாதிரிக் காதில், கேட்க ஆரம்பிக்கிற சத்தத்துக்கும் வலிக்கிற சத்தத்துக்கும் நடுவே இடைவெளி வேறு குறைவு. நாம் அதைத் தாண்டிவிடுகிறோம்.

மீதியை அவர் நம் உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறார். அதுவும் லேசில்லை. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் "பாடு", "மாடு" என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒரே வாய்தான். "க" தொண்டைப் பக்கம் பிறக்கிறது, வெளியே தெரியவே தெரியாது.

போன வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில், மாஸ்க் போட்ட நர்ஸ் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தபடியே "இருபத்தேழு" என்று கூப்பிட்டிருக்கிறார். நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போது 34 உள்ளே போய்க்கொண்டிருந்தது. அப்பா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரித்தேன். "கூப்பிட்டோமே சார், டமாரச் செவிடா இருந்தா யாராவது கூட இருக்க வேணாமா?" என்றார்கள். நம்பரை ஒரு அட்டையில் எழுதிக் காட்ட என்ன செலவாகிவிடும்?

காது மெஷின் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு: மெஷின் மாட்டிய முதல் நாள் அப்பா சொன்னது, "தகரக் கூரையில மழை பேயற மாதிரி இருக்குடா." ஃபேன், மிக்ஸி, பேப்பர் புரட்டுகிற சத்தம் எல்லாமும் சேர்ந்துதான் பெரிதாகிறது. பழக வாரக்கணக்கில் ஆனது. இப்போதும் அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பிரயோஜனமில்லை. எதிரில் போய், டிவியை நிறுத்தி, "அத்தை வீட்டுக் கல்யாண விஷயம்ப்பா" என்று முதலில் எதைப் பற்றி என்று சொல்லிவிட்டால், அப்புறம் சாதாரணக் குரலே போதும். புரியவில்லை என்றால் அதையே மூன்று தரம் சொல்லாமல் வேறு வார்த்தை போடுவேன். "ஏழு மணி பஸ்" எட்டாகக் காதில் விழுந்தால் விரலைக் காட்டிவிடுவேன்.

காது மந்தம் என்று சான்றிதழ் வாங்க, 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் குறைந்தது 60 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இழப்பு வேண்டும். அப்பாவுக்கு 50 பக்கம். சான்றிதழ் கிடையாது, அதனால் சொந்தக்காரர்களுக்கு அவர் "வேணும்னே கேக்காத மாதிரி இருக்கிற" ஆள்.

எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. சாப்பிடும்போது எல்லோரும் சிரித்தால் அப்பாவும் சிரிப்பார், அரை விநாடி தாமதமாக. அப்புறம் மெல்ல என் பக்கம் சாய்ந்து, "என்ன சொன்னான்?" என்பார். "ஒண்ணுமில்லப்பா, சும்மா" என்பேன். எத்தனை வருஷமோ இப்படி.

போன ஞாயிற்றுக்கிழமை அப்படிச் சொல்லவில்லை. இட்லியைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, தம்பி அடித்த ஜோக்கை முழுசாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"இதுக்கா இவ்வளவு சிரிச்சீங்க?" என்றார்.