அந்த 'ப்' மட்டும்தான் காதில் விழுந்ததா?

கொழும்பு வெள்ளவத்தை மண்டபத்தில் எடுத்த அந்த 40 வினாடி வீடியோவை இன்று காலை வரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். மேடையில் ஆங்கிலத்தில் பேசியவர், கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லை, எழுத்தில் மட்டும் இருக்கும் 'பி'யையும் சேர்த்து 'டெப்ட்' என்றார். 'டிஸ்கஸ் எபவுட்' என்றார். அதற்குத்தானே இத்தனை சிரிப்பு?

பிழை பிழைதான். டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடக்கம், பின்னால் எபவுட் தேவையில்லை. சொல்லிக் கொடுங்கள். மேடையை விட்டு இறங்கியதும் பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். முகத்தைப் பெருப்பித்து, சிரிப்புச் சத்தம் சேர்த்துப் போடுவதற்குப் பெயர் திருத்தம் இல்லை.

அந்த 'ப்' இருக்கிறதே, அது ஆங்கிலேயரே செய்த கூத்து. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் 'பி' கிடையாது. பிறகு லத்தீன் படித்த பண்டிதர்கள் 'டெபிட்டம்' ஞாபகத்தில் எழுத்தில் மட்டும் செருகினார்கள். 'ஐலண்ட்' இன்னும் மோசம். தீவைக் குறிக்கும் லத்தீன் 'இன்சுலா'வோடு சம்பந்தமே இல்லாத சொல்லுக்குள், இருப்பதாக நினைத்து ஒரு 'எஸ்'! செருகியவர் பண்டிதர், எழுதியபடி வாசித்தவர் முட்டாள்.

எனக்கு ஏன் இவ்வளவு சுடுகிறது என்று கேட்பீர்கள். 2003இல் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காசாளராக இருந்தேன். முதல் கிழமை, விரலெல்லாம் கார்பன் நீலம். பற்றுச்சீட்டை 'ரிசிப்ட்' என்று, ஒலிக்கக் கூடாத 'ப்'பை அழுத்திச் சொல்லிவிட்டேன். மேலாளர், நம்மவர்தான், "இன்னொருக்கா சொல்லும் தம்பி" என்றார். சொன்னேன். மற்றவர்களையும் கூப்பிட்டு மூன்றாம் முறை சொல்ல வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை, 'பில்' என்றே சமாளித்தேன். காசு கட்டி முடித்த ஒரு அம்மா, பில் என்றதும் பயந்துபோய் மறுபடியும் பையைத் திறந்தார்.

'மேடை ஏறுகிறவர் தயாராக வர வேண்டாமா?' வர வேண்டும், சரி. 'பிள்ளைகள் பிழையாகப் பழகிவிடும்.' உங்கள் பிள்ளைகள் இப்போது உங்களிடம் பழகுவது அதைவிட நல்லதோ? 'தமிழில் பேசியிருக்கலாமே?' இதுதான் எரிச்சல். முன்வரிசை முழுக்கச் சிங்களவர்கள். அரசியலமைப்பே 1987இன் 13ஆம் திருத்தத்தில் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. சிங்கள நண்பர்கள் அதற்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். எவ்வளவு சரியான பெயர்! தமிழ் உச்சரிப்பு என்று தொடங்கினால் நாம் யார் தப்புவோம்? இருக்கிற ஊரின் பெயரையே 'கொளும்பு' என்கிறோம், நானும்தான். யாராவது வீடியோ எடுத்தார்களா?

2022 ஏப்ரல் 12இல் இந்த நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்தக் கடனை வாங்கியவர்கள் 'டெட்' என்று சுத்தமாக உச்சரித்தவர்கள்தான், ஐயா.

அன்று அவர் பேசியது நுண்கடன் எடுத்த பெண்களைப் பற்றி. கிழமைத் தவணை கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுத்து, அதைக் கட்ட மூன்றாவது இடத்துக்குப் போகிறார்கள் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முழுப் பேச்சும் என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள் என்று நேற்றே கொமென்டில் எழுதினேன். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.