மூடுபனிக்குத் தடை

"எழுத்தையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா சார்?" கோத்தகிரியில் பதினொரு வருடமாகக் கதை வகுப்பு எடுக்கிறேன், இதைக் கேட்காத ஆளே இல்லை. வீணைக்கு வாத்தியார் வேண்டுமாம், கதை மட்டும் தானாக வந்துவிடுமாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1936லேயே இதற்கென்று தனிப் படிப்பைத் தொடங்கிவிட்டது. நம்மூரில் நாவலாசிரியர் பகலில் ஆபீஸ், ராத்திரியில் எழுத்து. நானும் அப்படித்தான். நடுவில் ஒரு கல்லூரி கூப்பிட்டது. ஐந்து யூனிட்டுக்குப் பாடத்திட்டம் எழுதிக் கொடுத்தேன். 'கதைக்கரு என்றால் என்ன? 2 மதிப்பெண்' என்று கேள்வித்தாள் வந்தது. மறு வருடம் நான் போகவில்லை.

என் வகுப்பில் முதல் நாளே ஒரு தடை: மூடுபனி வரக்கூடாது. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூடக் கதை என்றதும் இரண்டு நாள் டூர் வந்தவர் மாதிரி பனியில் ஆரம்பிக்கிறார்கள்.

அப்புறம் தொல்காப்பியம். முதல், கரு, உரி என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தோமே, அதேதான். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் கருப்பொருள். மனதுக்குள் நடப்பது உரிப்பொருள். கதை சொல்ல இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. "உரியைத் தொடாதே, கருவை மட்டும் எழுது" என்பேன். துக்கம் என்ற சொல்லே வரக்கூடாது.

தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இங்கே அனுப்ப 1964இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி 'படங்கு' என்று இரண்டு பக்கம் எழுதி வந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கு அது. வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல்லே தெரியவில்லை. மழை நாள். அம்மா நனைந்த படங்கைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுகிறாள். சொட்டும் தண்ணீருக்கு மகள் ஒரு குண்டாவை வைக்கிறாள். ஈர இலை என்று எடையில் இரண்டு கிலோ கழித்துவிட்டார்களாம். குண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு மகள் கேட்கிறாள்: "தண்ணி இவ்வளவுதானம்மா இருக்கு?"

அதன் கீழே உழைப்புச் சுரண்டல் பற்றி ஒரு முழுப் பத்தி. சிவப்பு மையால் அடித்தேன். இதைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும், எங்கே நிறுத்துவது என்பதை. அவளுக்குக் கோபம், இரண்டு ஞாயிறு வரவில்லை.

மூன்றாம் ஞாயிறு வந்தாள். பத்தியை எடுத்துவிட்டு அதிலிருந்து ஒரே ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அந்தக் குண்டாத் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றுகிறாள். அடிக்கிற அவசரத்தில் நான் அதைப் படிக்கவே இல்லை.